சூடேறும் முன் ட்ரிம்பாட்டைத் தொடாதீர்கள்

என் மேஜைக்கு வரும் பழைய அனலாக் சின்தசைசர்களில் (மின்சுற்றால் ஒலி எழுப்பும் கீபோர்டு கருவிகள்) பல உண்மையில் பழுதானவை அல்ல. சுருதி நிற்கவில்லை என்று யாரோ மூடியைத் திறந்து, உள்ளே போர்டில் இருக்கும் ட்ரிம்பாட்களை, அதாவது அளவைச் சரிசெய்யும் சிறு திருகுகளை, ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்திருப்பார்கள். போன மாதம் வந்த மினிமூக் மாடல் டி-யும் அப்படித்தான். ஒலியை உருவாக்கும் அதன் மூன்று ஆசிலேட்டர்களும் கீழ் ஸ்தாயியில் சேர்ந்து ஒலித்தன. மேலே போகப் போகத் தனித்தனியாகப் பிரிந்தன.

"ஆன் பண்ணின உடனே சரிபண்ணினேன் சார், அப்போ நல்லாத்தான் இருந்தது" என்றார் உரிமையாளர். கோளாறு அங்கேதான்.

இந்தக் கருவியில் ஆசிலேட்டருக்குப் போகும் மின்னழுத்தம் 1 வோல்ட் கூடினால் ஒலி ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) ஏற வேண்டும். அதைச் செய்வது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர்கள். அவற்றின் இயல்பு வெப்பத்தோடு மாறும்: 1 டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.33 சதவீதம். சுருதியை அளக்கும் அலகு சென்ட்; ஒரு ஆக்டேவ் 1200 சென்ட், மூன்று ஆக்டேவ் என்றால் 3600 சென்ட். அதில் ஒரு டிகிரிக்கே 12 சென்ட் பிசகும். பயிற்சி பெற்ற காது இதைப் பொறுக்காது. இதை ஈடுகட்டத்தான், பல அனலாக் கருவிகளில் சூடேறும்போது அதே விகிதத்தில் மதிப்பு கூடும் தனி ரெசிஸ்டர் ஒன்றை டிரான்சிஸ்டர்களோடு ஒட்டி வைக்கிறார்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால்தான் அது வேலை செய்யும். (அதை எடுத்துவிட்டுச் சாதாரண ரெசிஸ்டர் போட்டிருந்த ஒரு போர்டையும் பார்த்திருக்கிறேன். அதை எத்தனை முறை திருகினாலும் பயனில்லை.)

அதனால் ஆன் செய்து அரை மணி நேரமாவது விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், திறந்த போர்டின் மேல் காற்று அடித்தால் எல்லாம் வீண். அப்புறம் மல்டிமீட்டரை எடுத்துப் பவர் சப்ளையைப் பாருங்கள். மினிமூக்கில் +10, -10 வோல்ட் அசையாமல் நிற்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வீட்டு மின்சாரமே ஓடுகிறது, அங்கே கை போகக் கூடாது. பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ட்யூன் குமிழ் எல்லா ஸ்வரங்களையும் ஒன்றாக நகர்த்தும். ஸ்கேல் ட்ரிம்பாட்தான் ஸ்வரங்களுக்கு இடையிலான தூரத்தை மாற்றும். 44 கட்டை கீபோர்டில் ஏ (A) என்ற ஸ்வரம் நான்கு இடங்களில் இருக்கிறது. கீழ் ஏ-யை 110 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் குமிழால் கொண்டுவந்தால் மற்றவை 220, 440, 880 ஆக வர வேண்டும். மேல் ஏ கூடுதலாக இருந்தால் ஸ்கேலைச் சற்றுக் குறையுங்கள். அப்போது கீழ் ஏ-யும் நகரக்கூடும். அதைத் திரும்ப 110க்குக் கொண்டுவந்து மறுபடி மேலே போங்கள். ஐந்தாறு சுற்று ஆகும், அவசரப்பட வேண்டாம்.

நடு ஸ்தாயி சரியாகி, உச்சியில் மட்டும் இறங்கினால் அது ஸ்கேல் பிழை அல்ல. ஒலியின் ஒவ்வொரு அதிர்விலும் ஆசிலேட்டரின் கெப்பாசிட்டர் மின்னேறிக் காலியாகும்; அது காலியாகச் சிறிது நேரம் பிடிக்கும். அது 1 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொண்டால், 110 ஹெர்ட்ஸில் அது தெரியவே தெரியாது. 1760 ஹெர்ட்ஸில் 3 சென்ட் இறங்கிவிடும். உயர் அதிர்வெண்ணுக்கென்று தனி ட்ரிம்பாட் இருந்தால், ஸ்கேல் முடிந்த பிறகே அதைத் தொடுங்கள்.

முதல் ஆசிலேட்டருக்கு ட்யூனர் போதும். மற்ற இரண்டையும் அதோடு சேர்ப்பதற்கு நான் காதைத்தான் நம்புகிறேன். 440 ஹெர்ட்ஸும் 441 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு ஒரு முறை ஒலி அலைபோல் கூடிக் குறையும். அது மெதுவாகி அடங்கும் வரை திருகுவேன். அந்த மினிமூக்கை இரவு முழுக்க அணைத்து வைத்து, காலையில் மறுபடி அரை மணி சூடேற்றி, நான்கு ஏ-க்களையும் வாசித்துக் கேட்ட பிறகே மூடியைப் போட்டேன்.