திடீரென்று குணம் மாறினால் உடம்பையும் கொஞ்சம் பாருங்கள்

"முன்னெல்லாம் இவர் இப்படி இருந்ததே இல்லை." ஆலோசனைக்கு வருகிற குடும்பங்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கிற வாக்கியம் இது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார், யாரோடும் பேசுவதில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை என்று அடுக்குவார்கள். அப்போது நான் முதலில் கேட்பது வீட்டுச் சண்டையைப் பற்றி அல்ல. தூக்கம் எப்படி, எடை கூடியதா குறைந்ததா, புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா, கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது செய்தீர்கள். மனசுக்கு வைத்தியம் பார்க்க வந்தால் தைராய்டைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிலருக்கு வருத்தம்கூட வரும். ஆனால் இந்தக் கேள்விகளைத் தாண்டிப் போகவே முடியாது.

நம் உடம்புக்குள் செய்தி இரண்டு வழியில் போகிறது. நரம்பு வழியாகப் போனால் கண் இமைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். சுரப்பிகளில் இருந்து வரும் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து மெதுவாகப் போகும், ஆனால் அதன் வேலை நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நீடிக்கும். இந்த இரண்டும் கைகோர்க்கிற இடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி வழியாகத்தான் கழுத்தில் இருக்கும் தைராய்டு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல், சினைப்பை, விந்தகம் எல்லாவற்றுக்கும் உத்தரவு போகிறது.

கோபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முகத்துக்கு நேரே கத்தினால், மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்து என்று முடிவு கட்டிவிடும். சில நொடிகளில் அட்ரீனலின் சுரந்து நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அதற்குப் பின்னால் வருவது கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன், அது உச்சத்துக்கு ஏற ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதாவது வாய்ச்சண்டை ஓய்ந்த பிறகும் உடம்பு சண்டையிலேயே இருக்கிறது. இது தெரியாமல்தான் பல தம்பதிகள் ஐந்து நிமிடத்தில் "சரி, இப்பவே பேசித் தீர்த்துடலாம்" என்று உட்கார்ந்து, முதல் சண்டையைவிடப் பெரிய சண்டையில் போய் முடிகிறார்கள். அரை மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த நேரத்தில் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும்.

தைராய்டுக்கு வருவோம். அது குறைவாகச் சுரந்தால் சோர்வு, மறதி, எதிலும் பிடிப்பில்லாமை. பார்ப்பதற்கு அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும். அதிகமாகச் சுரந்தால் பதற்றம், எரிச்சல், தூக்கமின்மை. ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவர் 1949-இலேயே, தைராய்டு குறைபாடு முற்றி மனநோயாளிகளைப் போல நடந்துகொண்ட 14 பேரைப் பற்றி எழுதினார். தைராய்டு சிகிச்சை கொடுத்ததும் அவர்களில் பலர் தேறினார்கள். இத்தனை வருடம் கழித்தும், டிஎஸ்எச் என்ற ஒரு சாதாரண தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யாமலேயே சோம்பேறி, திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மனசு வலிக்கிறது.

மாத்திரைகளும் நடத்தையை மாற்றும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளால் சிலருக்குத் தூக்கம் கெட்டு எரிச்சல் வரும், சிலருக்கு அளவுமீறிய உற்சாகம் வரும். கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்கு, மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற பொருளைப் போல வேலை செய்யும் மருந்துகள் சில உண்டு. அவற்றைச் சாப்பிடும் சிலர், வாழ்க்கையில் சீட்டையே தொடாதவர்கள், திடீரென்று சூதாட்டத்தில் இறங்கிவிடுவார்கள். கண்டபடி பொருள் வாங்கிக் குவிப்பவர்களும் உண்டு. வீட்டில் அது ஒழுக்கக்கேடு என்று சண்டை நடக்கும். டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றியோ குறைத்தோ கொடுப்பார், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

பெண்கள் விஷயத்தில் நடக்கிற அநியாயம் வேறு மாதிரி. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் கடுமையான மனத்தவிப்பில் சிக்கும் பெண்ணுக்கு ஹார்மோன் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். உடனே "எல்லாம் உன் கற்பனை" என்று சொல்லிவிடுகிறார்கள். ஹார்மோன் அளவு இயல்பாக இருந்தாலும், அதன் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கே சிலருடைய மூளை அதிகமாக எதிர்வினை காட்டுகிறது, பிரச்சினை அங்கேதான். அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. பிரசவம் ஆனதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்கள் சரசரவென்று விழும், முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அதைத் தாண்டியும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தாய் தூங்காமல் குழம்பிப் பேசினாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்வதாகச் சொன்னாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது.

அப்புறம், இன்சுலின் போடுகிறவர் திடீரென்று வியர்த்து, சிடுசிடுத்து, சம்பந்தமில்லாமல் பேசினால் வாதம் செய்துகொண்டிருக்காதீர்கள், சர்க்கரை அளவைப் பாருங்கள். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே போயிருக்கலாம்.

இவ்வளவு சொன்னதால் எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போட்டுவிட முடியாது. கார்டிசால் ஏறியதால் அடித்துவிட்டேன் என்றால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். கோபம் பொங்குவது உடம்பின் வேலை, கையை ஓங்குவது அப்படியல்ல. தாக்கம் ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதும் இல்லை. தொடர்ந்து பயத்தில் வாழ்கிறவரின், இரவெல்லாம் விழித்திருக்கிறவரின் ஹார்மோன்களே மாறிப்போகும், எனவே மாத்திரையோடு சேர்த்து அவர் வாழும் சூழலையும் மாற்ற வேண்டியிருக்கும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: மாற்றம் எப்போது ஆரம்பித்தது, அதையொட்டி எந்த மருந்து புதிதாகச் சேர்ந்தது, தூக்கமும் எடையும் எப்படி இருக்கின்றன, பெண்கள் என்றால் இரண்டு மூன்று மாத மாதவிடாய்த் தேதிகளும் மனநிலை மோசமான நாட்களும். சம்பந்தப்பட்டவரை ஒதுக்கிவிட்டு எழுதாதீர்கள், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள்.