பேட்டரி செத்துப்போனால் பொம்மையின் உயிர் போய்விடுமா?

"எதற்கெல்லாம் உயிர் இருக்கிறது?" என்று பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டால், உணவங்காடி நிலையத்தில் தட்டுகளை வாங்கிச் செல்லும் ரோபோவுக்கு உண்டு என்பார்கள், வெளியே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கு இல்லை என்பார்கள். அசைவதற்கெல்லாம் உயிர் உண்டு என்று சிறு பிள்ளைகள் எண்ணுவதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920களிலேயே எழுதிவிட்டார். ஆகவே இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

தமிழில் கற்பிக்கும்போது மொழியும் சற்றுக் காலை வாரிவிடுகிறது. நம் பேச்சில் கடிகாரம் ஓடுகிறது, பேட்டரி செத்துப்போகிறது. "உயிரற்ற" என்ற சொல் பாடத்தில் கல்லைக் குறிக்கிறது, செய்தித்தாளில் சடலத்தைக் குறிக்கிறது. வகுப்பு மீன்தொட்டியில் தங்கமீன் செத்து மிதந்த மறுநாள், ஒரு சிறுமி மீன் படத்தைக் கூழாங்கல் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நான் கற்றுக்கொடுத்த சொல்லின்படி அவள் செய்தது சரிதான். அன்றிலிருந்து கல்லை "உயிர் இல்லாதது" என்றும் இறந்த மீனை "உயிர் போனது" என்றும் பிரித்தே சொல்லி வருகிறேன்.

உண்மையான சிக்கல் செடிகொடிகளில்தான் இருக்கிறது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியம் வகுத்திருந்தாலும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு மரம் என்பது மின்கம்பத்தைப் போல நின்ற இடத்திலேயே நிற்கும் ஒரு பொருள். பலர் உடனே புல்தரைத் தொட்டாற்சிணுங்கியைக் காட்டுவார்கள். நான் அதை முதலில் காட்டுவதில்லை, ஏனெனில் அசைந்தால்தான் உயிர் என்ற பழைய எண்ணத்தையே அது வலுப்படுத்திவிடும்.

அதற்குப் பதிலாக மூன்று தட்டுகளில் ஈரப் பஞ்சை விரித்து, ஒன்றில் பச்சைப்பயறும், ஒன்றில் பாசிப்பருப்பும், ஒன்றில் கண்ணாடி மணிகளும் வைக்கிறோம். நம் ஊர் வெப்பத்தில் ஓரிரு நாளிலேயே பயறு வெள்ளை முளை விடுகிறது. தோல் நீக்கி உடைத்த பருப்பு ஊறி, உப்பி, நாற்றமெடுக்கிறது. மணிகள் நனைந்த மணிகளாகவே கிடக்கின்றன. இரண்டும் ஒரே பயறுதானே, ஏன் ஒன்று மட்டும் முளைத்தது என்ற பேச்சு அங்கே தானாகவே எழுகிறது.

தொடக்கநிலை மூன்றில் அறிவியல் பாடம் ஆங்கிலத்தில் தொடங்கும்போது வளர்ச்சி, இனப்பெருக்கம் என்ற பட்டியல் எப்படியும் வந்துவிடும். அதை இப்போதே மனப்பாடம் செய்விக்கத் தேவையில்லை. போன முறை ஒரு சிறுவன், "டீச்சர், டப்பாவுல இருந்தப்பவும் பயறு உயிரோடதான் இருந்துச்சா?" என்று கேட்டான். ஆமாம், மிக மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டு உறங்கியது என்றேன். அவன் பயறு டப்பாவை எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்தான்.