எம்.பி. நிதி: மனு எங்கே சிக்குகிறது, எப்படி நகர்த்துவது

"எங்க ஊருக்கு எம்.பி. என்ன செஞ்சாரு?" என்று தேர்தல் நேரத்தில் கேட்பவர்கள் நிறைய. எம்.பி.யிடம் எதைக் கேட்டு வாங்கலாம், எப்படிக் கேட்க வேண்டும் என்று இடைப்பட்ட ஐந்து ஆண்டில் விசாரிப்பவர்கள் குறைவு. விசாரித்துப் போகிறவர்களையும் அலுவலகம் அலுவலகமாக அலைய விட்டு ஓய வைத்துவிடுகிறார்கள். ஒரு பேருந்து நிழற்குடைக்கு மனு கொடுத்துவிட்டு, அது யார் மேசையில் இருக்கிறது என்றே தெரியாமல் அடுத்த தேர்தலைப் பார்த்த ஊர்கள் உண்டு. இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.பி. நிதி என்று நாம் சொல்லும் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993 டிசம்பர் 23 அன்று, நரசிம்ம ராவ் பிரதமராக இருந்தபோது அறிவிக்கப்பட்டது. முதலில் ஒரு எம்.பி.க்கு 5 லட்சம் ரூபாய். மறு ஆண்டே ஒரு கோடி, 1998-99இல் இரண்டு கோடி, 2011-12இல் இருந்து ஆண்டுக்கு 5 கோடி. கொரோனா காலத்தில் நிறுத்தி வைத்து, 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். திட்டமே செல்லாது என்று போடப்பட்ட வழக்கில், செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2010இல் தீர்ப்பளித்தது. இவ்வளவு போதும்.

5 கோடி என்றதும் பெரிய தொகையாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1952இல் ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த சென்னை மாகாணத்துக்கு மக்களவையில் 75 இடங்கள். மாநிலங்கள் பிரிந்த பிறகு 1957இல் 41. 1967 தேர்தலில் இருந்து இன்றுவரை 39. மக்கள்தொகை பெருகியது, இடம் பெருகவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு எம்.பி.க்குச் சராசரியாகப் பதினெட்டரை லட்சம் பேர். தலைக்கு ஆண்டுக்கு 27 ரூபாய்! ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் என்பதால், சட்டமன்றத் தொகுதி ஒன்றுக்குச் சுமார் 83 லட்சம்தான் வரும். ஆகவே இரண்டு கோடிக்குப் பாலம் கேட்டு மனு எழுதாதீர்கள். வகுப்பறை, நியாயவிலைக் கடைக் கட்டிடம், ஆழ்துளைக் கிணறு, கழிப்பறை, சுற்றுச்சுவர், மயானத்துக்குப் பாதை என்று கைக்கு அடங்குவதைக் கேளுங்கள்.

அடுத்தது, பலர் ஏமாறும் இடம். எம்.பி. பணம் தருவதில்லை. அவர் பரிந்துரை மட்டுமே செய்கிறார். அனுமதி கொடுப்பது மாவட்ட நிர்வாகம், அதாவது ஆட்சியர். மேடையில் "செய்து தருகிறேன்" என்று சொன்னதற்கும், விழாவில் மனுவை வாங்கி உதவியாளரிடம் கொடுத்ததற்கும் சட்டப்படி ஒரு மதிப்பும் இல்லை. 2023 ஏப்ரலில் இருந்து பரிந்துரை இ-சாக்ஷி என்ற இணையதளம் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே எம்.பி. அலுவலகத்தில் "கடிதம் கொடுத்தாச்சு" என்றால் அதோடு திரும்பி வராதீர்கள். தளத்தில் என்றைக்குப் பதிவானது, வேலையின் பெயர் என்ன என்று போட்டிருக்கிறார்கள், தொகை எவ்வளவு என்று கேட்டு, அந்தப் பதிவின் பிரதியைக் கையோடு வாங்குங்கள். தர மறுத்தால், இன்னும் பதிவாகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

யார் உங்கள் எம்.பி. என்பதிலேயே முதல் அலைச்சல் தொடங்கும். மாவட்ட எல்லை வேறு, தொகுதி எல்லை வேறு. தொகுதி மறுவரையறைக்குப் பிறகு 2009 தேர்தலில் புதுக்கோட்டை, பழனி, கோபிசெட்டிபாளையம், ராசிபுரம், சிவகாசி, பெரியகுளம், திண்டிவனம் போன்ற மக்களவைத் தொகுதிகள் இல்லாமல் போயின. இன்றும் "புதுக்கோட்டை எம்.பி." யார் என்று தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் இல்லை. அந்த மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளை நான்காகப் பிரித்துவிட்டார்கள்: புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சியில், விராலிமலை கரூரில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில். ஈரோட்டுப் பக்கம் இன்னும் வேடிக்கை. ஈரோடு மாவட்டத்துக் கோபிக்காரர் திருப்பூர் எம்.பி.யிடம் போக வேண்டும்; திருப்பூர் மாவட்டத்துத் தாராபுரத்துக்காரர் ஈரோடு எம்.பி.யிடம் போக வேண்டும்.

இதனால் என்ன ஆகிறது? எம்.பி. தன் தொகுதிக்கு ஒரு மாவட்டத்தை முதன்மை மாவட்டமாகத் தேர்ந்தெடுப்பார். உங்கள் ஊர் வேறு மாவட்டத்தில் இருந்தால் கோப்பு இரண்டு ஆட்சியர் அலுவலகங்களைத் தொட்டாக வேண்டும். "எங்களுக்கு வரவில்லை, அங்கே கேளுங்கள்" என்பார்கள் இங்கே. "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்பார்கள் அங்கே. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், கோப்பு நடுவில் எங்கோ படுத்திருக்கலாம். இதற்கு ஒரே வழி, அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த அலுவலகத்துக்குப் போவது. எண் இல்லாமல் போகிறவருக்கு "பார்த்துச் சொல்கிறோம்" என்ற பதில்தான் கிடைக்கும்.

உங்கள் தொகுதி எம்.பி. கைவிரித்தால் கதை முடிந்துவிடவில்லை. தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 உறுப்பினர்கள் உண்டு. அவர்களுக்கும் அதே 5 கோடி. மாநிலத்தின் எந்த ஊருக்கும் அவர்கள் பரிந்துரைக்கலாம். வாக்குக் கேட்டு ஊருக்குள் வராததால் அவர்களைத் தேடி யாரும் போவதில்லை. நீங்கள் போங்கள்.

இனி நிலம். எம்.பி. நிதி மனுக்கள் செத்துப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். கட்டப்போகும் இடம் பொது இடமாக இருக்க வேண்டும். தனியார் பட்டாவில் கட்ட முடியாது. நிலம் வாங்குவதற்கும் இந்த நிதியைத் தொட முடியாது. "புறம்போக்குதான் சார்" என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதாது, என்ன புறம்போக்கு என்பது முக்கியம். குளம், ஏரி, வாய்க்கால் என்று நீர்நிலையாகப் பதிவாகியிருந்தால், தரை எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் அங்கே கட்டிடத்துக்குக் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் துணிய மாட்டார். மனு எழுதும் முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் புல எண்ணையும் (சர்வே நம்பர்), கிராம நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் அந்த இடம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். நிழற்குடை என்றால் சாலை யாருடையது என்று பாருங்கள். நெடுஞ்சாலைத் துறையின் சாலையோரம் என்றால் அவர்களின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லாமல் போன மனு ஊராட்சி ஒன்றியத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் நடுவில் ஊஞ்சலாடும்.

கோயில் நிலம் தனிக் கண்ணி. வழிபாட்டுத் தலத்துக்குள்ளும், எந்த மதத்துக்குச் சொந்தமான நிலத்திலும் இந்த நிதியில் வேலை செய்யக் கூடாது. ஊர்க்கோயில் வாசலில் இருக்கும் காலி இடம் பொது இடம் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆவணத்தில் அது கோயில் பெயரில் இருக்கும். சமுதாயக் கூடத்துக்கு மனு கொடுத்து, பரிந்துரையும் கிடைத்து, மாலை மரியாதை எல்லாம் முடிந்த பிறகு நிராகரிப்பு வரும். முன்பே சொல்லியிருக்க வேண்டியவர்கள் அப்போது "விதி இப்படி இருக்கிறதே" என்று பதில் சொல்வார்கள்.

நிலம் சரியாக இருந்தாலும் பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது. கட்டி முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வது என்ற உறுதி முன்கூட்டியே எழுத்தில் வர வேண்டும். உயர்கோபுர விளக்கு கேட்டால் மின்கட்டணத்தை ஊராட்சி ஏற்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு என்றால் மோட்டார் பழுதையும் ஏற்க வேண்டும். ஊராட்சித் தலைவருக்கும் உங்களுக்கும் ஆகாது என்றால் இந்த ஒரு தாளுக்காகவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். அதனால் மனுவோடு சேர்த்தே ஊராட்சித் தீர்மான நகலை வையுங்கள். கிராம சபையில் பேசி நிறைவேற்றிய தீர்மானமாக இருந்தால் பின்னால் யாரும் எளிதில் மறுக்க முடியாது.

தனிநபருக்கு வீடு, கடன், ரொக்க உதவி எதுவும் இதில் கிடையாது. ஊர்க்காரர்களே பணம் போட்டு வேலையை முடித்துவிட்டு, "பிறகு எம்.பி. நிதியில் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடிந்த வேலைக்குப் பணம் திருப்பித் தர விதியில் இடமே இல்லை. இப்படிக் கைப்பணத்தைப் போட்டுவிட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலையை எடுத்துச் செய்யப்போகும் துறையைத் தேர்ந்தெடுப்பதும் மாவட்ட நிர்வாகமே. "எம்.பி. ஆள் நான், ஒப்பந்தம் என்னுடையது" என்று முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆதிதிராவிடர் குடியிருப்பில் இருப்பவர்கள் இதை அழுத்தமாகக் கவனிக்க வேண்டும். ஆண்டு நிதியில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கும் என்று விதி இருக்கிறது. 5 கோடியில் அது 75 லட்சமும் 37.5 லட்சமும். யாரும் தயவு பண்ணித் தருவதில்லை, விதிப்படி பங்கு. நடப்பது என்ன? கோப்பில் குடியிருப்பின் பெயர் இருக்கும். வேலை, குடியிருப்புக்குப் பிரியும் முனையில், பிரதான சாலையில் நடந்திருக்கும். ஆகவே மனுவில் தெருப் பெயரும் புல எண்ணும் போட்டுக் கேளுங்கள். கடந்த ஆண்டுகளில் இந்தப் பங்கில் எந்த வேலை எங்கே நடந்தது என்ற பட்டியலையும் கேளுங்கள்.

எல்லாம் கொடுத்தாயிற்று, பதில் இல்லை. அப்போது? பரிந்துரையை ஏற்க முடியாது என்றால் மாவட்ட நிர்வாகம் 45 நாட்களுக்குள் காரணத்தோடு எம்.பி.க்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டியும் சத்தமில்லை என்றால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். பரிந்துரை கிடைத்த தேதி, நிர்வாக அனுமதி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், வேலையைச் செய்யும் துறையின் பெயர் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. "எங்கள் அலுவலகம் இல்லை" என்று மனுவைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. சட்டத்தின் 6(3) பிரிவுப்படி ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

தேர்தலும் ஒரு தடை. தேதி அறிவித்த பிறகு புதிய வேலைக்கு அனுமதி கிடைக்காது. பணி ஆணை வந்திருந்தும் மண்ணில் வேலை தொடங்கவில்லை என்றால் தேர்தல் முடியும் வரை தொடங்க முடியாது. எனவே தேர்தல் ஆண்டில் கடைசி நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். தேர்தல் முடிந்ததும் இன்னொரு பதில் வரும்: "பழைய எம்.பி. போயிட்டாரு, அந்த வேலை ரத்து." இது தவறு. பதவிக்காலம் முடிவதற்குள் மாவட்ட நிர்வாகத்துக்கு வந்து சேர்ந்த பரிந்துரை, விதிக்கும் அவருடைய ஒதுக்கீட்டுக்கும் உட்பட்டதாக இருந்தால், நிறைவேற்றியே ஆக வேண்டும். யார் ரத்து செய்தார், எந்த ஆணையில் என்று எழுத்தில் கேளுங்கள்.

நிதியோடு தொடர்பில்லாத, ஆனால் இன்றும் ஆட்களை ஏமாற்றும் ஒன்று பாக்கி இருக்கிறது. கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி. ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாகப் பள்ளி சேர்க்கைக் காலத்தில் தரகர்கள் சுற்றுவார்கள். ஒரு எம்.பி.க்குப் பத்து இடங்கள் என்று இருந்த அந்த ஒதுக்கீடு 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டது. இப்போது அப்படி ஓர் இடமே இல்லை, அதற்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும்.