வலிப்பு மாத்திரை: நாள் தள்ளிப்போன பிறகு வராதீர்கள்

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒரு பெண்ணும் மாமியாரும் வந்தார்கள். குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடவில்லை. "உங்க பக்கம் யாருக்காவது இப்படி உண்டா?" என்று மாமியார் என் எதிரிலேயே மருமகளைக் கேட்கிறார். அந்தப் பெண்ணோ வலிப்புக்குப் பல வருடமாக வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள், நாள் தள்ளி இரண்டு மாதம் கழித்துத்தான் நிறுத்தியிருக்கிறாள், அதுவும் யாரையும் கேட்காமல். இதே கதையை இன்னும் எத்தனை தடவைதான் கேட்பது!

"பரம்பரைக் கோளாறு" என்ற பேச்சை முதலில் விடுங்கள். இந்த மாத்திரை மரபணுவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை. நம் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதங்கள் மேல் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கிடக்கிறது. ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சின்ன வேதித்துணுக்கு ஒட்டினால் சுற்று தளரும், அங்குள்ள மரபணு வேலை செய்யும். ஒரு நொதி வந்து அதைப் பிய்த்தெடுத்தால் சுற்று இறுகி மரபணு அடங்கும். வால்ப்ரோயேட் அந்த நொதியைத் தடுக்கிறது என்பது 2001இலேயே தெரிந்துவிட்டது. கருவில் அடங்கிக் கிடக்க வேண்டிய மரபணுக்கள் நேரங்கெட்ட நேரத்தில் விழித்துக்கொள்கின்றன, ஊனத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறோம். இதில் பெண் வீட்டு ரத்தம் எங்கே வந்தது?

கர்ப்பத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டால் சுமார் 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வரலாம். 100இல் 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, படிப்பு, வளர்ச்சியில் சிக்கல். அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். முதுகுத்தண்டுக் குழாய் கருவான 28 நாளுக்குள் மூடிவிடும், அதாவது நாள் தள்ளி இரண்டு வாரம் ஆகும்போதே அந்த வேலை முடிந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து நிறுத்தி முதுகுத்தண்டுக்கு என்ன பயன்?

அதற்காக இன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள்! திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து தாய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே கர்ப்பமா? மாத்திரையை நிறுத்தாமல், நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். மாற்று மருந்துகள் உண்டு, ஆனால் லாமோட்ரிஜின் போன்றதை வாரக்கணக்கில் மெல்லத்தான் ஏற்ற முடியும், அவசரப்பட்டால் தோலெல்லாம் தடித்துவிடும். ஃபோலிக் ஆசிட்டையும் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கு இதே மருந்தைச் சாப்பிடும் பெண்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்காதீர்கள்.

அம்மாக்களே, மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கும்போதே ஒரு தடவை அவளை அழைத்து வாருங்கள். மாப்பிள்ளை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.