ரீஃபண்டில் ஃபண்ட் இல்லை

2025 ஆகஸ்டு 20ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் நண்பன் வீட்டுத் திண்ணை. இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் அவன் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். கைப்பேசி ஒலித்தது. வருமான வரித் துறையிலிருந்து 58,100 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவு. மகிழ்ச்சியில் உரக்கவே படித்துவிட்டான். பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்த அவனுடைய அப்பத்தா தலை நிமிர்ந்தார்.

"என்னப்பா, தடைக்கால நிவாரணமா?"

"இல்லை அப்பத்தா, ரீஃபண்ட்."

"அது என்ன திட்டம்? உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதற்கு நிவாரணம் வருகிறது. படகின் டீசலுக்கு மானியம் வருகிறது. இந்தக் கரையில் அரசுப் பணம் என்றால் இந்த இரண்டில் ஒன்று. போதாததற்கு, ரீஃபண்ட் என்ற சொல்லிலேயே 'ஃபண்ட்' ஒலிக்கிறது. ஃபண்ட் என்றால் நிதி, ஆகவே ரீஃபண்ட் என்றால் மறுபடியும் வரும் நிதி என்று அப்பத்தா மட்டுமல்ல, பட்டம் வாங்கியவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்த சொற்கள். ஃபண்ட் என்பது லத்தீனத்தில் அடி, அடித்தளம் என்று பொருள்படும் 'ஃபுண்டுஸ்' என்ற சொல்லின் வழி வந்தது. ரீஃபண்டுக்கு மூலம் 'ரெஃபுண்டெரெ'. 'ரெ' என்றால் திரும்ப; 'ஃபுண்டெரெ' என்றால் ஊற்றுதல். திரும்ப ஊற்றுவதுதான் ரீஃபண்ட். ஆங்கிலத்துக்குள் வந்த புதிதில் இந்தச் சொல்லுக்கு அதுவே நேர்ப்பொருள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்ற பொருள் பிறகு நிலைத்தது. ரத்தம் ஏற்றுவதைக் குறிக்கும் டிரான்ஸ்ஃபியூஷனும் இதே ஊற்றுக் குடும்பம். டீசல் ஊற்றும் ஃபனலும் அப்படித்தான். அந்த ஃபனல் தமிழுக்கு வந்து 'புனல்' என்றே ஆகி, நீரைக் குறிக்கும் நம் பழைய புனலோடு ஒலியில் ஒன்றிப்போனது தனி வேடிக்கை.

பாம்பன் படகுத்துறையில் இந்தச் சொல்லைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேனைத் தோளில் சாய்த்து, புனலை டாங்கியின் வாயில் செருகி, ஒருவர் டீசல் ஊற்றுவார். டாங்கி நிறைந்து விளிம்பில் நுரை ததும்பியதும் கேனை நிமிர்த்துவார். புனலில் தேங்கி நிற்கும் மிச்சத்தை வீணாக்க மாட்டார். புனலின் அடியை உள்ளங்கையால் பொத்தி, அப்படியே தூக்கிக் கேனுக்குள் கவிழ்ப்பார். டாங்கிக்கு வேண்டியது போக மிஞ்சியது, வந்த கேனுக்கே போகிறது. சம்பளக்காரரின் வரிக் கணக்கிலும் நடப்பது இதுதான்.

தமிழில் ஊற்றுதலுக்கு இன்னொரு சொல் வார்த்தல். தோசை வார்க்கிறோம், இரும்பை வார்க்கிறோம். 'ஃபுண்டெரெ'யும் அப்படியே, உலோகம் வார்க்கும் ஃபவுண்டரி அதிலிருந்து பிறந்தது. அதற்காக ரீஃபண்டை 'மீள்வார்ப்பு' என்று மொழிபெயர்த்தால் பழைய சிலையை உருக்கிப் புதிதாகச் செய்வதாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், தமிழில் வார்த்தது திரும்பாது என்பது. நீர் வார்த்துக் கொடுத்த தானம் கொடுத்ததுதான். தாரை வார்த்தல் என்பதன் பொருளே அது. இந்தக் கரையில் அந்தத் தொடரைச் சொன்னால் 1974 ஒப்பந்தமும் கச்சத்தீவும்தான் நினைவுக்கு வரும். வேறு விளக்கம் வேண்டாம். ஆகவே லத்தீனின் உருவகத்தை அங்கேயே விட்டுவிட்டு, தமிழுக்குள் சொல்லைத் தேடுவதே சரி.

தேடுவதற்கு முன் என் நண்பனின் கணக்கைப் பார்த்துவிடலாம். 2024-25 நிதியாண்டில் அவனுடைய சம்பளம் 7,60,000 ரூபாய். வீட்டுக் கடனும் ஆயுள் காப்பீடும் இருப்பதால், அவற்றுக்குக் கழிவு தரும் பழைய வரிமுறையே போதும் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். எழுதிக் கொடுத்தானே தவிர, ரசீதுகளைக் கேட்ட தேதிக்குள் கொடுக்கவில்லை. கணக்குப் பிரிவு, ரசீது கேட்காமலே எல்லாச் சம்பளக்காரருக்கும் தரும் நிலைக் கழிவு 50,000 ரூபாயை மட்டும் விட்டுவிட்டு 7,10,000 ரூபாய்க்கு வரி போட்டது. வரியின் மேல் வரும் கூடுதல் தீர்வை (செஸ்) 4 விழுக்காட்டையும் சேர்த்து 56,680 ரூபாய் பிடித்தம். பிறகு கணக்கைத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தான். புதிய முறையில் நிலைக் கழிவு 75,000 ரூபாய். மீதி 6,85,000 ரூபாய்க்கு வரி 19,250 ரூபாய். அந்த ஆண்டில் 7 லட்சத்துக்கு மேற்படாத வருமானத்துக்கு 25,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு. வரி சுழியம். பிடித்த 56,680 ரூபாயும் அவனுடையது. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், அலுவலகத்தில் எந்த முறையைச் சொல்லியிருந்தாலும், கணக்கை உரிய காலத்துக்குள் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இந்தக் கதைக்குள்ளேயே மூன்று சொற்கள் கலந்து கிடக்கின்றன. வருமானத்திலிருந்து குறைப்பது கழிவு. மீன் எடை போடும்போது பனிக்கட்டி நீருக்கென்று குறைக்கிறார்களே, அதே சொல். கணக்கிட்ட வரியிலிருந்து குறைப்பது தள்ளுபடி. வரி வலைக்குள்ளேயே கொண்டுவராமல் விடுவது விலக்கு. மூன்றையும் 'சலுகை' என்று ஒரே கூடையில் கொட்டும் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். மீன்காரம்மா நண்டையும் இறாலையும் ஒரே விலைக்குக் கூறு போடுவாரா?

அலுவலகங்கள் டிடிஎஸ் என்று சொல்வதற்குத் தமிழில் 'பிடித்தம்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துக்கொள்வதால் பிடித்தம். மீன்பிடி ஊரில் இதற்கு உரை தேவையில்லை. ஆனால் பிடித்த வரி நம் பெயரில் பதிவாவதை ஆங்கிலத்தில் 'கிரெடிட்' என்பார்கள். அங்கேதான் மொழிபெயர்ப்புகள் கவிழ்கின்றன. 'உங்கள் வரிக் கடன்' என்று ஒரு பக்கம் சொன்னால், கடன்பட்டவர் யார்? படிப்பவர் தான் இன்னும் கட்ட வேண்டியிருக்கிறது என்று பதறுவார். நம் கணக்கேடுகளில் பற்று, வரவு என்று இரண்டு பத்திகள் உண்டு. கிரெடிட் என்பது அந்த வரவு. நண்பனின் அந்த ஆண்டுக் கணக்குக்கு இந்த வரவைக் காட்டியது படிவம் 26ஏஎஸ், அதாவது வரி வரவு அறிக்கை. அலுவலகம் பிடித்த தொகையும் அந்த அறிக்கையில் உள்ள வரவும் ஒத்துப்போகவில்லையென்றால், ரீஃபண்ட் கேட்பதற்கு முன்னால் அலுவலகத்திடம் கேட்க வேண்டும்.

கேட்பது என்றதும் 'கிளெய்ம்' நினைவுக்கு வருகிறது. அதன் லத்தீன் மூலத்துக்குக் கூவுதல் என்று பொருள். மீன் ஏலத்தில் கூவுகிறார்களே, அதேதான். தமிழில் 'கேட்பு' போதும். வங்கியின் கேட்பு வரைவோலையில் அது ஏற்கெனவே புழங்குகிறது. வருமான வரியில் இந்தக் கேட்புக்குத் தனி மனு கிடையாது. கணக்கு விவரத்தைத் தாக்கல் செய்வதே கேட்பு. தாக்கல் செய்த 30 நாளுக்குள் அதைச் சரிபார்த்து உறுதிசெய்யாவிட்டால் கூவியது யார் காதிலும் விழாது. பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கையும் வரித் துறையின் தளத்தில் முன்கூட்டியே உறுதிசெய்திருக்க வேண்டும்.

இனி, தமிழ்ச் சொல். தனுஷ்கோடிக்கு அக்கரையில் இலங்கையில் வருமான வரி அலுவலகத்தின் பெயர் உள்நாட்டு இறைவரித் திணைக்களம். 'இறை' என்பது வரிக்குப் பழந்தமிழ்ச் சொல். இறுப்பது, அதாவது செலுத்துவது, இறை. சோழர் கல்வெட்டுகளில் வரி நீங்கிய நிலம் இறையிலி. வருவாய்த் துறை புரவுவரித் திணைக்களம். நாம் விட்டுவிட்ட 'திணைக்களம்' சில பத்து கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் பெயர்ப்பலகையில் இன்னும் வாழ்கிறது. அந்தப் பக்கத்து அலுவலகத் தமிழுக்கு 'மீள்' என்ற முன்னொட்டு மிகவும் பிடிக்கும்: மீளாய்வு, மீள்குடியேற்றம். அந்த வரிசையில் அமைந்த 'மீளளிப்பு' ரீஃபண்டுக்குத் துல்லியமான சொல். சட்ட நூலுக்கும் அரசாணைக்கும் அதுவே பொருந்தும். ஆனால் அதில் அளிப்பவரின் குரல்தான் கேட்கிறது. அளிப்பு என்றவுடன் கொடையின் வாசனை லேசாக வந்துவிடுகிறது.

'வரி மீட்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். இங்கே அது எடுபடாது. நடுக்கடலில் தத்தளித்தவர்களை மீட்டார்கள் என்று செய்தி வரும் ஊர் இது. தங்கச்சிமடத்துத் தேவாலயத்தில் மீட்பர் என்றால் வேறு பொருள். வரியை யாரோ காப்பாற்றியதுபோல் ஒலிக்கும்.

விடையைச் சொன்னவர் அப்பத்தாதான். "என் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த பணம், கணக்குக் காட்டியதும் திரும்ப வந்துவிட்டது" என்று பேரன் விளக்கியதும், அவர் ஓலையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்படியென்றால் நகையைத் திருப்பியதுபோல என்று சொல்."

அடகுக் கடையிலிருந்து நகையை எடுப்பதை இந்தப் பக்கத்தில் திருப்புதல் என்றே சொல்வார்கள். நகை நம்முடையது, இன்னொருவர் பெட்டியில் சில காலம் இருந்தது, கணக்கு முடிந்ததும் திரும்புகிறது. நன்றி சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இந்தச் சொல்லை வைத்து 'திருப்புதொகை' என்று நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இலக்கணப்படி இது வினைத்தொகை, ஆகவே நடுவில் 'த்' மிகாது. திருப்பிய, திருப்புகிற, திருப்பும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். மூன்றாவது காலத்தில் மாதக்கணக்காகக் காத்திருப்பவர்களுக்கு அது புரியும்.

சொல் சரியாக இருந்தால் ஏமாற்றும் குறையும் என்று நினைக்கிறேன். '15,490 ரூபாய் ரீஃபண்ட் ஒப்புதலாகிவிட்டது, இணைப்பை அழுத்துங்கள்' என்று ஒரு போலிச் செய்தி நாடெங்கும் சுற்றியது. இல்லாத நன்கொடையைக் காட்டி ரீஃபண்டை ஏற்றித் தருகிறேன் என்று கமிஷன் பேசும் தரகர்களும் உண்டு. ஃபண்ட் என்று கேட்கும் காதுதான் அவர்களுக்கு முதலீடு. அடகே வைக்காத நகையைத் திருப்பித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் அப்பத்தா பெட்டியை நகர்த்திவிட்டு வாசலைக் காட்டியிருப்பார்.

அவருக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது.

"நகை திருப்பினால் வட்டி கட்ட வேண்டுமே. இதற்கு எவ்வளவு கட்டினாய்?"

"இதில் வட்டி அவர்கள்தான் தருவார்கள், அப்பத்தா."

மாதத்துக்கு அரை விழுக்காடு. உரிய காலத்தில் தாக்கல் செய்திருந்தால் ஏப்ரல் 1 முதல் கணக்கு. மாதத்தில் ஒரு பகுதியும் முழு மாதம். ஆகஸ்டு வரை ஐந்து மாதம். நூறுக்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டு 56,600 ரூபாய்க்கு 1,415 ரூபாய். கூட்டினால் 58,095, பத்தின் மடங்காக்கினால் 58,100. அந்த வட்டி மட்டும் அடுத்த கணக்கில் 'பிற வருமானம்' என்ற தலைப்பில் ஏற வேண்டும். அதற்கும் வரி உண்டு.

அப்பத்தா சற்று யோசித்தார். "அந்த ரசீதையெல்லாம் அன்றைக்கே கொடுத்திருந்தால்?"

நண்பன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, டீ வாங்கிவருவதாகச் சொல்லி எழுந்துவிட்டான்.