எரியுதா, இல்லையா?

போன வாரம் 74 வயது அம்மா ஒருவரை மகன் என் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் தடித்த ஃபைல். சிறுநீர்த் தொற்று என்று நான்கு மாதத்தில் மூன்று கோர்ஸ் ஆன்டிபயாடிக். ஒவ்வொரு யூரின் ரிப்போர்ட்டிலும் ‘பஸ் செல்ஸ் 15-20’ (சீழ் அணுக்கள்) என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். கடைசி கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ஈ.கோலை என்ற குடல் கிருமி, பெரும்பாலான மாத்திரைகளுக்கு நேரே ‘ஆர்’, அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. “ஊசிதான் போடணுமாமே சார், அட்மிட் பண்ணிடலாமா?”

அம்மாவிடம் கேட்டேன்: “ஒண்ணுக்குப் போறப்ப எரியுதாம்மா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இந்த மாத்திரை போட்டதுலருந்துதான் வயித்தால போகுது.”

முதல் டெஸ்ட் எதற்கு எடுத்தார்களாம்? சுகர் பார்க்கப் போன இடத்தில் ‘அதோடு சேர்த்து’ எடுத்தார்களாம்!

சிறுநீரில் கிருமி இருப்பது வேறு, சிறுநீர்த் தொற்று வேறு. எத்தனை தடவை சொன்னாலும் இது ஏறுவதில்லை. வயதான பெண்களில், அதிலும் சர்க்கரை உள்ளவர்களில், கிருமி தன் பாட்டுக்குக் குடியிருக்கும். தொந்தரவு தராது. கல்ச்சரில் கிருமி எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேல் என்று வந்தாலும் அப்படித்தான். அதை மாத்திரை போட்டு விரட்டினால் பெரும்பாலும் திரும்ப வரும், இந்த முறை மருந்துக்கு அடங்காததாகவும் இருக்கலாம். பஸ் செல், கலங்கல், நாற்றம் இவை எதுவும் தனியாகத் தொற்றுக்குச் சாட்சி இல்லை. ஒரு மாதமாகச் சிறுநீர் ட்யூப் போட்டிருப்பவரின் சிறுநீரில் கிருமி வளராவிட்டால்தான் ஆச்சரியம். (சாம்பிளே பல நேரம் லட்சணமாக இருக்காது. காலை ஆறு மணிக்குப் பிடித்து, ஸ்கூட்டர் டிக்கியில் வெயிலில் வைத்து, பத்து மணிக்கு லேபில் கொடுத்தால் கிருமி பெருகாமல் என்ன செய்யும்?)

அறிகுறி இல்லாமலே மருந்து தர வேண்டியவர்கள் முக்கியமாக இரண்டு தரப்பு: கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியும்படியான ஆபரேஷனுக்குப் போகிறவர்கள். கர்ப்பிணிகளுக்குக் கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிடும் அபாயம் உண்டு. அங்கே அலட்சியம் கூடாது.

உண்மையான தொற்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும்: திடீர் எரிச்சல், அடிக்கடி முட்டுவது, அடிவயிற்று வலி. ஆரோக்கியமான இளம்பெண்ணுக்குப் பெரும்பாலும் நைட்ரோஃப்யூரன்டாயின் 5 நாள், அல்லது 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசின் ஒரே வேளை போதும். எடுத்த எடுப்பில் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதும் பழக்கத்தை நாம் விட்டுத் தொலைக்க வேண்டும். இது சக மருத்துவர்களுக்கு. சாதாரணத் தொற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இந்த வகையைத் தொடாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-லேயே எச்சரித்துவிட்டது; தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) பாதிப்பு முக்கியக் காரணங்களில் ஒன்று. எனக்குத் தெரியும், விளக்கிச் சொல்ல பத்து நிமிஷம் ஆகும், எழுதிக்கொடுக்கப் பத்து விநாடி.

குளிர்காய்ச்சல், விலாப் பக்க வலி, வாந்தி இருந்தால் அது சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். அன்றே வாருங்கள். நைட்ரோஃப்யூரன்டாயின் அங்கே உதவாது. ஆண்கள், குழந்தைகள் என்றால் மருந்துக் கடையோடு நிற்கக் கூடாது. கல்ச்சர் தேவையென்றால் முதல் மாத்திரைக்கு முன்பே கொடுங்கள். ‘எரிச்சல் போச்சு’ என்று இரண்டு வேளையோடு நிறுத்தி, மிச்சத்தைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தானம் செய்யாதீர்கள், தயவுசெய்து.

இன்னொன்று. கர்ப்பிணி இல்லையென்றால், கோர்ஸ் முடிந்து சுகமாக இருக்கும்போது ‘சுத்தமாயிடுச்சா பார்க்கலாம்’ என்று மறுபடி யூரின் கொடுக்க வேண்டாம். அந்த ஃபைல் தடிக்க ஆரம்பிப்பது அங்கேதான்.