ருன்: ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு சீனாக்காரங்க வச்சிருக்கிற சொல்

சீனா பத்திப் படிக்கிறப்போ இப்பல்லாம் அடிக்கடி கண்ணுல படுற சொல் ருன். "அவன் ருன் ஆயிட்டான்", "நீங்க எப்ப ருன்?"னு பேசிக்கிறாங்க. நாட்டை விட்டுப் போறது, அதுவும் திரும்பி வர்ற கணக்கு எதுவும் இல்லாம போறதுதான் அர்த்தம். நம்ம பக்கம் இதை 'வெளிநாட்டு மோகம்'னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடுறாங்க. எனக்கு அது தப்புன்னு படுது. மோகம்னா போற ஊர் மேல இருக்கிற ஆசை. ருன்ல பேச்செல்லாம் இருக்கிற ஊரைப் பத்தித்தான்.

முதல்ல உச்சரிப்பு. நாம ருன்னு எழுதினாலும் சீன மொழியில அந்த முதல் எழுத்து நம்ம ழகரத்துக்குக் கிட்ட வரும், நாக்கை மடிச்சு 'ழுவன்'னு சொல்லி கடைசியில குரலை டக்குனு கீழ இறக்கினா ஏறக்குறைய சரியா வந்துடும். எழுத்துல இடது பக்கம் மூணு துளி தண்ணி, வலது பக்கம் ஒரு வாசல், வாசலுக்குள்ள ராஜாவைக் குறிக்கிற எழுத்து. வலது பாதி சத்தத்துக்காக வந்தது, பொருள் தண்ணியிலதான் இருக்கு: ஈரம், பசை, பளபளப்பு. லாபத்துக்கு அவங்க சொல்ற 'லிருன்'லயும் இதே எழுத்துதான், வசதியா செழிப்பா வாழ்றதைச் சொல்ற 'ஸிருன்'லயும் இதேதான்.

ஆக அகராதிப்படி ஓடுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. சீனச் சொல்லை ரோமன் எழுத்துல தட்டினா ஆங்கிலத்துல 'ஓடு'ங்கிறதுக்கு என்ன எழுத்துக்களோ அதே மூணு எழுத்து வருது, அவ்வளவுதான் தொடர்பு. 'நாட்டை விட்டுப் போறேன்'னு நேரடியா எழுதினா சென்சார் கண்ணுல படலாம், இது பார்க்க ஈரம் லாபம்னு இருக்கிற சாதுவான சொல், அதனால பசங்க இதைப் பிடிச்சுக்கிட்டாங்க.

சில வருசமாவே இணையத்துல இருந்த சொல்தான், ஆனா எல்லார் வாய்க்கும் வந்தது 2022 ஷாங்காய் கோவிட் லாக்டவுன்ல. சுமார் இரண்டரை கோடி பேர் இருக்கிற ஊர், நாட்டுலயே பணக்கார ஊர்கள்ல ஒண்ணு, அங்க ரெண்டு மாசம் மக்களை வீட்டை விட்டு வெளிய விடல. நல்ல வேலை, சொந்த ஃபிளாட், பேங்க்ல பணம் எல்லாம் இருந்தும் காய்கறிக்கும் அரிசிக்கும் ஆள் தேடித் தவிச்சாங்க. அந்த ஏப்ரல்ல 'குடியேற்றம்'னு தேடுறவங்க எண்ணிக்கை எகிறுச்சு. மே மாசம் அரசாங்கமே அவசியமில்லாத வெளிநாட்டுப் பயணத்தைக் கட்டுப்படுத்துவோம்னு அறிவிச்சது. அதே மே மாசம்தான் ஒரு வீடியோ பரவுச்சு, தனிமை முகாமுக்கு வர மறுத்த ஒரு இளைஞர்கிட்ட அதிகாரிங்க "உன்னைத் தண்டிச்சா மூணு தலைமுறைக்குப் பாதிக்கும்"னு மிரட்ட, அவர் "நாங்கதான் கடைசித் தலைமுறை, நன்றி"ன்னு சொல்றார். அதைக் கேட்டா மனசு கனத்துப் போகும். இந்தச் சமயத்துலதான் 'ருன்ஷுவே'ன்னு ஒண்ணு பரவுச்சு, ஷுவேன்னா இயல், படிப்பு. ஏன் போகணும், எங்க போகணும், எப்படிப் போகணும்னு மூணு கேள்வியை வச்சு விசா, மொழி, செலவு எல்லாத்தையும் பசங்களே தொகுத்துப் போட்டாங்க.

நாடு முழுக்க இருந்த கோவிட் கெடுபிடியும் அந்த வருசம் டிசம்பர்லயே முடிஞ்சிடுச்சு, ஆனா சொல் நின்னுடுச்சு, ஏன்னா காரணம் அதுக்கு முன்னாடியே இருந்தது, பெரும்பாலும் பிள்ளைங்க படிப்புல. காவ்காவ்னு அவங்க காலேஜ் நுழைவுத் தேர்வு, வழக்கமா ஜூன் 7ல ஆரம்பிக்கும், 2024ல பதிவு பண்ணவங்க 1 கோடியே 34 லட்சம் பேர். அதுக்கு முன்னாடி பதினஞ்சு வயசுல ஒரு பரீட்சை, அதுல தவறினா மேல்நிலைப் பள்ளி கிடையாது, தொழிற்பள்ளிக்குத்தான் போகணும், அங்க போனா பெரிய யுனிவர்சிட்டிக் கனவு கிட்டத்தட்ட முடிஞ்சதுன்னு பெத்தவங்க பயப்படுறாங்க. இதுக்கு மேல ஹுகோவ், அதாவது குடும்பம் எந்த ஊரைச் சேர்ந்ததுங்கிற அரசுப் பதிவு. பீஜிங்ல அப்பா அம்மா பல வருசமா வேலை பார்த்தாலும் பதிவு வேற மாகாணத்துல இருந்தா பிள்ளை பொதுவா அங்க திரும்பிப் போய்த்தான் காவ்காவ் எழுதணும், பீஜிங் யுனிவர்சிட்டிங்க சொந்த ஊர்ப் பிள்ளைங்களுக்குத் தர்ற இடமும் அதுக்குக் கிடைக்காது. பெத்தவங்களோட ஊர்ப் பதிவை வச்சு ஒரு குழந்தையோட கதவை இப்படிச் சாத்துறது எனக்குப் பெரிய அநியாயமாத் தெரியுது. ஒரே பிள்ளைச் சட்டம் 2015 வரைக்கும் இருந்ததால பல வீடுகள்ல அப்பா அம்மா, ரெண்டு பக்கத் தாத்தா பாட்டின்னு ஆறு பேரோட சேமிப்பும் எதிர்பார்ப்பும் ஒரே பிள்ளை தலைமேல. 2021ல அரசு டியூஷன் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போட்டது, ஆனா பரீட்சை அப்படியேதான் இருந்தது, அதனால வசதி இருந்தவங்க வீட்டுக்கே ஆள் வரவழைச்சாங்க.

சரி, இதெல்லாம் தாண்டி டிகிரி வாங்கினா? 2023 ஜூன்ல 16 முதல் 24 வயசு வரைக்குமான நகர்ப்புற இளைஞர்கள்ல வேலையில்லாதவங்க 21.3 சதவீதம், அடுத்த கணக்கு வெளிவர வேண்டிய ஆகஸ்ட்ல அரசு வெளியிடுறதையே நிறுத்திடுச்சு, அப்புறம் மாணவர்களைக் கழிச்சுட்டு புது முறையில திரும்ப ஆரம்பிச்சாங்க. இந்த ஓயாத போட்டிக்கு 'நெய்ஜுவான்'னு பேரு, உள்பக்கமா சுருண்டுக்கிட்டே போறதுன்னு அர்த்தம். போட்டியே வேணாம்னு கைகால் நீட்டிப் படுத்துடுறது 'தாங்பிங்'. ரெண்டும் முடியாதவங்களுக்கு மூணாவது வழிதான் ருன்.

பழைய சொல்லோட ஒப்பிட்டா வித்தியாசம் நல்லாத் தெரியும். வெளிநாட்டுப் படிப்புக்கு அவங்க சொல்றது 'லியூஷுவே', தங்கிப் படிக்கிறது. இது தாங் அரசர்கள் காலத்துச் சொல், அப்ப ஜப்பான் தூதர்களோட வந்து, அவங்க திரும்பிப் போன பிறகும் சீனாவுலயே தங்கிப் படிச்ச ஜப்பானிய மாணவர்களைக் குறிச்சது. உலகம் சீனாவுக்குப் படிக்க வந்த காலத்துச் சொல்லு! பிறகு திசை மாறி, யங் விங்னு ஒரு சீனர் 1854ல அமெரிக்காவோட யேல் யுனிவர்சிட்டியில பட்டம் வாங்கினார், அவர் முயற்சியில 1872லேருந்து 120 பையன்களை அமெரிக்காவுக்கு அனுப்பி, 1881ல அரசே திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு. 1978ல சீனத் தலைவர் டெங் சியாவோபிங் ஆயிரக்கணக்குல அனுப்பணும்னு சொன்னதும் மறுபடி ஆரம்பம். இதெல்லாமே போய்க் கத்துக்கிட்டு வாங்கிற கணக்கு. திரும்பி வர்றவங்களுக்கு 'ஹாய்குயி'ன்னு பேரு, கடலாமைக்கும் அதே உச்சரிப்பு. ஒரு காலத்துல கடலாமைக்கு வேலை காத்துக்கிட்டு இருந்தது, பின்னாடி வேலைக்குக் காத்திருக்கிற கடலாமைங்களுக்கு 'ஹாய்தாய்', அதாவது கடற்பாசின்னு தனிப் பேரே வந்துச்சு.

அமெரிக்காவுல சீன மாணவர்கள் 2019-20ல 3 லட்சத்து 72 ஆயிரம், 2023-24ல 2 லட்சத்து 77 ஆயிரம், முதலிடம் இந்தியாவுக்குப் போயிடுச்சு. இதைப் பார்த்துட்டு வெளிய போறது நின்னுடுச்சுன்னு நினைக்கக் கூடாது. விசாக் கெடுபிடியும் செலவும் அதிகமானதும் பலர் ஜப்பான், சிங்கப்பூர், தாய்லாந்தோட சியாங் மாய்னு திசை மாத்திட்டாங்க, சியாங் மாய்ல இன்டர்நேஷனல் ஸ்கூலுக்காகவே குடும்பத்தோட வீடு எடுத்துத் தங்குறாங்க. சிங்கப்பூர்ல 'பெய்து மாமா'ன்னு ரொம்ப வருசமாவே ஒரு பேச்சு உண்டு (மாமான்னா அங்க அம்மா), பிள்ளை படிப்புக்காகக் கூடவே வந்து தங்குற அம்மாங்க, கணவர் ஊர்ல சம்பாதிச்சு அனுப்புவார். அதுலயும் வருசத்துக்கு ஒரு ஆளுக்கு 50,000 அமெரிக்க டாலர் வரைக்கும்தான் மாத்தலாம்னு சீனாவுல உச்சவரம்பு இருக்கு. அவ்வளவு பணம் இல்லாதவங்க எடுத்த வழி 'ஸோவ்ஷியன்', தென் அமெரிக்காவுல இருக்கிற ஈக்வடார்ல விசா இல்லாம இறங்கி, கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் நடுவுல இருக்கிற டேரியன் காடு வழியா அமெரிக்க எல்லை வரைக்கும் போறது. 2023 நிதியாண்டுல மட்டும் மெக்சிகோ எல்லையில பிடிபட்ட சீனர்கள் 24 ஆயிரத்துக்கு மேல, கைக்குழந்தையோட வந்தவங்களும் அதுல இருந்தாங்க. 2024 ஜூலையில ஈக்வடார் அந்த விசா இல்லா நுழைவை நிறுத்திடுச்சு.

இப்ப தமிழ்ல என்ன சொல்றது? 'குடியேற்றம்' பொருந்தாது, அது போய்ச் சேர்ற இடத்தைச் சொல்லுது. 'புலம்பெயர்தல்' ஈழத்துப் போருக்கு அப்புறம் நமக்கு வேற ஒரு கனத்தோட பதிஞ்ச சொல், அதை இதுக்கு எடுத்துக் கொடுக்க எனக்கு மனசில்ல. 'ஓடிப்போறது'ன்னா நம்ம ஊர்ல காதல் கல்யாணம். பேச்சுக்கு 'நழுவுறது' நல்லா பொருந்துது, ஈரமும் இருக்கு, சத்தமில்லாமப் போறதும் இருக்கு, அந்த ழகரமும் இருக்கு. ஆனா நழுவுறதுல பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற வாடை கொஞ்சம் அடிக்குது, பிள்ளைக்காக ஆயுள் சேமிப்பையும் கொட்டுற அம்மாவை நழுவுறாங்கன்னு எழுத முடியாது.

எழுத்துல என் தேர்வு 'பதியெழுவு'. சிலப்பதிகாரத்துல புகாரைப் பாராட்டுறப்போ 'பதியெழு வறியாப் பழங்குடி'ன்னு வரும், ஊரை விட்டுக் கிளம்ப வேண்டிய தேவையே அறியாத மக்கள்னு அர்த்தம். பசி, பகை மாதிரி ஒரு நெருக்கடியால ஊரை விட்டு எழுந்து போறதுதான் பதியெழுதல், குறை போறவங்ககிட்ட இல்ல, பதிகிட்டதான்னு அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. ருன் ஆனவங்களைப் 'பதியெழுந்தோர்'னு எழுதலாம், ருன்ஷுவேயைப் 'பதியெழுவியல்'னு எழுதலாம். முதல் தடவை எழுதுறப்போ பக்கத்துலயே ருன்னும் போட்டுட்டா படிக்கிறவங்களுக்குக் குழப்பம் வராது.